ஹேல் அண்ட் ஹார்ட்டி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாத நான், பிற்பாடு நானாகவே கற்ற தமிழில் இதனை எழுதுகிறேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

அப்போது எனக்கு வயது ஒன்பது. திருச்சி பாலக்கரையில் நானும் அம்மாவும் வசித்தோம். என் தகப்பனார், அத்தா, பினாங்கில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் டைப்பிஸ்டாக இருந்தார். நான் இங்கிலீஷ் பழகவேண்டும் என்று மாதந்தோறும் எனக்கு அந்த மொழியிலேயே கடிதம் அடித்து அனுப்புவார். வாசித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் உத்தியோகம்.

'ஹேல் அண்ட் ஹெல்தி'யாக இருக்கிறேன் என்றே ஒவ்வொரு கடிதமும் முடியும். நோய்நொடியின்றி இருக்கிறாராம். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் எங்கள் டீச்சரம்மா அதைக் கண்டு, 'ஹேல் அண்ட் ஹார்ட்டி' என்பதே முறை என்றார். உடனே அத்தாவைத் திருத்தி எழுதினேன். "நீ எனக்கு வாத்தியாரம்மாவா? சாகிறவரைக்கும் ஹெல்திதான்" என்று பதில் வந்தது. அதன்பின் அச்சொற்களை மட்டும் வேண்டுமென்றே சிவப்பில் அடிக்கலானார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஒரு நண்பகல் வந்த கடிதத்தில் எல்லாம் கறுப்பு. ஹார்ட்டி என்றிருந்தது.

"அம்மா, அத்தா தோத்துட்டாங்க!" என்று குதித்தேன்.

"மறுபடி படி."

மூன்று முறை படித்தேன். "உங்கத்தா இதுல தோக்கற ஆளில்லையே" என்றவர், காகிதத்தை மோந்து பார்த்து மடித்துவைத்தார்.

மறுநாள் அம்மா வெள்ளைச் சேலையில் இருந்தார். கழுத்தில், கல்யாணத்தில் கட்டிய கருகமணி இல்லை. ஏனென்று கேட்டேன்.

"நூல் அறுந்துபோச்சு."

நான்கு மாதமும் பத்து நாளும் அவர் வாசல் தாண்டவில்லை. பகலிலும் இருண்ட உள்ளறையில் வெள்ளையாய் அமர்ந்தபடி, "அத்தாவுக்கு எழுது. சாப்பிடுறாங்களான்னு கேளு. நிறுத்திடாதே" என்பார். எழுதினேன். பதிலும் தவறாமல் வந்தது. அதில் ஒரு பிழையும் இராது.

ஓராண்டு சென்று, அத்தாவின் அறைத்தோழர் ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்தார். அத்தா சென்ற ஆண்டே காய்ச்சலில் மவுத்தாகி அங்கேயே அடக்கமானதையும், என் கடிதங்களைக் கண்டு உண்மை எழுதக் கை வராமல் தாமே பதில் அடித்ததையும் சொல்லி அழுதார்.

"தெரியுங்க. இத்தா முடிஞ்சிருச்சு" என்றார் அம்மா, கதவுக்குப் பின்னிருந்து. கணவனை இழந்தவள் உள்ளிருக்கவேண்டிய நாட்களை, எவரும் சொல்லாமலே இருந்து முடித்திருந்தார். "புள்ள ஆசையா எழுதுச்சு. அதான் விட்டேன்."

பெட்டியில் என் கடிதங்கள் இருந்தன. அத்தா ஒருவழியாகச் சரியான இங்கிலீஷ் கற்றுக்கொண்டதற்காக ஒவ்வொன்றிலும் அவரைப் பாராட்டியிருந்தேன். வெள்ளையில் அமர்ந்திருந்த அம்மாவுக்கு உரக்கத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே, ஒவ்வொன்றையும் ஒட்டி அனுப்பியிருந்தேன்.

இதனைப் படிக்கும் தாங்கள் எவராயினும், இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடாமல் வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.