மெத்தைக்கு லீவு

துபாய், அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப்பின் தகரக் கேரவன் அறையில் என் கீழ்க்கட்டில்காரர் அவர். ஒல்லியான ஆள், எப்போதும் பாதித் தூக்கத்தில் மிதக்கும் கண்கள். ஏசி ஓயாமல் ஓடுவதால், பலகையோடு ஒட்டிக்கிடக்கும் எங்கள் மெத்தைகளின் அடியில் நீர் கோத்து, பூஞ்சை மேகம் மேகமாகப் படரும். அவருடையதில் ஒரு புள்ளி இருக்காது. வார லீவான வெள்ளிக்கிழமை பகலில் நாங்கள் உறங்க, அவர் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்து அதையே பார்த்திருப்பார்.

ஒருமுறை கேட்டேன். "படுக்கலையாண்ணே?"

"இன்னைக்கு அதுக்கு லீவுப்பா. வாரம் பூரா என்னையச் சுமக்குதுல்ல, கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"உங்களுக்கு எப்பண்ணே ஊருக்கு லீவு?"

அவர் மெத்தையின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் மெல்லத் தடவினார்.

"காஞ்சிருச்சு" என்றார், யாரோ நல்லபடியாக ஊரில் போய் இறங்கிய செய்தி கேட்டவர்போல.