எண்பத்து நாலா, எண்பத்தஞ்சா?

சைக்கிள் எதைப் பார்த்தாலும் இர்மா கிரோஸின் கண்ணில் முதலில் படுவது அதன் வயதுதான். நிறமும் கம்பெனிப் பெயரும் அப்புறம். ஃபொன்டானா என்ற ஊரில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஓட்டுநர் இருக்கை உயரம் என்பதால் வேலிகளுக்கு அப்பால் கிடப்பதெல்லாம் தெரியும். பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். இவள் சிவப்பு விளக்கில் நின்றபடி யாரோ ஒருவர் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் குட்டைச் சைக்கிளைப் பார்த்து, "எண்பத்தேழு. பின்சக்கரத்த மாத்தித் தொலைச்சிருக்கான்" என்பாள். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இது பழகிப்போய்விட்டது.

எல்லாச் சைக்கிளும் இல்லை. எண்பதுகளில் வந்த பிஎம்எக்ஸ் வித்தைச் சைக்கிள்கள் மட்டும். சின்னச் சக்கரம், கனத்த பிரேம், நின்ற இடத்திலேயே சுழலவும் துள்ளவும் செய்தவை. சிறுமியாக இருந்தபோது சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த சிமென்ட் தரையில்தான் அவளும் அப்படிச் சுழன்றாள். முன்பல்லில் பாதி அங்கேயே போனது. மீதிப் பாதியைக் காட்டித்தான் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

ஒருநாள் காலை, வண்டி நிறையப் பிள்ளைகளோடு போகும்போது, ஒரு வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பியைப் பார்த்தாள். பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அது கம்பி இல்லை, பிரேம். அதுவும் பெலிக்கன் பிரேம். பெலிக்கன் சின்னக் கம்பெனி, சில வருடங்களே ஓடியது. வண்டியை நிறுத்த முடியாது. எல்லாரையும் பள்ளியில் இறக்கிவிட்டு, காலி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு பறந்தாள். வீட்டுக்காரருக்கு ஒரு புதுக் கதவே செய்து கொடுத்துவிட்டுப் பிரேமைத் தூக்கி வந்தாள்.

பெலிக்கனின் முதல் வருடம் எண்பத்து நான்கு. அந்த வருடத்துப் பிரேமில், பின்சக்கரத்தைப் பிடிக்கும் தகடுகளின் முனை உருண்டையாக இருக்கும். அடுத்த வருடம் முனை கூராகிவிட்டது. அதோடு, ஹேண்டில்பார் செருகும் கழுத்தில் இரண்டு சின்னக் காதுகளும் வந்தன. பிரேக் கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் ஹேண்டில்பாரை முழுச்சுற்று சுற்றவைக்கும் தட்டு ஒன்று அந்தக் காதுகளில்தான் உட்காரும். காது இல்லாவிட்டால் எண்பத்து நான்கு, இருந்தால் எண்பத்தைந்து அல்லது அதற்குப் பின். இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

இர்மாவின் பிரேமில் தகடு உருண்டை. காதும் இருந்தது.

அடியில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்தால் சண்டையே இல்லை. ஆனால் எண் இருந்த இடத்தைக் கோழி எச்சம் தின்றுவிட்டிருந்தது.

ஒவ்வொரு ஏப்ரலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிக்கிடக்கும் சூப்பர் மார்க்கெட்டின் வண்டி நிறுத்துமிடத்தில் இந்தப் பழைய சைக்கிள் பைத்தியங்கள் எல்லாரும் கூடுவார்கள். தரையில் சாக்பீஸால் எண்பத்து நான்கிலிருந்து எண்பத்தொன்பது வரை கோடு போட்டிருக்கும். அவரவர் சைக்கிளின் வருடத்தில் போய் நிற்க வேண்டும். யாருக்காவது சந்தேகம் வந்தால், "திருப்பு!" என்று கத்தலாம். உடனே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வாதாட வேண்டும். சொந்தக்காரர் தோற்றால், எல்லாரும் ஸ்பேனரால் ஹேண்டில்பாரைத் தட்ட, அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சரியான வருடத்துக்கு நடந்து போவார். கத்தியவர் தோற்றால், தன் சைக்கிளைத் தோளில் சுமந்தபடி ஜெயித்தவர் பின்னால் ஓடுவார். எல்லாம் முடிந்ததும் வருட வரிசைப்படி பூங்காவுக்கு ஊர்வலம். எண்பத்து நான்குதான் முன்னால் போகும்.

இர்மாவுக்கு அந்த முன்வரிசை வேண்டும். போன வருடம் எண்பத்து நான்கில் நின்றாள். "திருப்பு!" என்று கத்தியவன் டுவேன் ப்ரூயிட். பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் லாரி ஓட்டுபவன், அவள் வயசுக்காரன், சொன்ன வருடம் தப்பியதே இல்லை என்று பேர் வாங்கியவன்.

"காது இருக்கு. எண்பத்தஞ்சு" என்றான்.

"தகடு உருண்டையா இருக்கே?"

"மிச்சத் தகடு இருந்திருக்கும், அடுத்த வருஷமும் போட்டுத் தள்ளியிருப்பான். நட நட."

ஸ்பேனர்கள் டங் டங்கென்று முழங்க, இர்மா நடந்தாள். அந்தக் கோபத்திலேயே பிரேமைக் குரோம் போடக் கொடுத்தாள். பல மாதம் கழித்து, கண்ணைப் பறிக்கும்படி மின்னித் திரும்பி வந்தது.

இந்த ஏப்ரலுக்குச் சில நாள் முன்பு, அந்தக் காதுகளில் தட்டை மாட்டப்போனாள். தட்டு சாய்ந்து உட்கார்ந்தது. கழற்றி மாட்டினாள். மறுபடியும் சாய்ந்தது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தாள். இடதுகாது வலதுகாதைவிட ஒரு மயிரிழை மேலே இருந்தது. ஃபாக்டரியில் அச்சில் மாட்டி வெல்டிங் வைத்தால் இப்படி வருமா? வராது! யாரோ வீட்டில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கராஜுக்குள்ளேயே குதித்தாள். அடுத்த நொடி நெற்றியில் அறைந்துகொண்டாள். வீட்டில் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் பித்தளையை உருக்கித்தான் ஒட்டுவார்கள். மஞ்சள் கோடு தெரிந்திருக்கும். பழைய கறுப்பு பெயின்ட்டை ஒருதரம் சுரண்டிப் பார்க்காமல், அப்படியே பூச்சுக்குக் கொடுத்து அந்தக் கோட்டைக் குரோமுக்கு அடியில் புதைத்தது இவளேதான்.

ஞாயிறு காலை வந்தது. இர்மா நேராகப் போய் எண்பத்து நான்கில் நின்றாள். கூட்டத்தில் "ஓஓஓ" என்று ஒரு சத்தம். காரின் டிக்கியைத் திறந்து தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டை விற்றுக்கொண்டிருந்த தங்கை செலியா, "ஆரம்பிச்சிட்டா" என்று தலையில் கை வைத்தாள்.

டுவேன் வாயிலிருந்த தமாலேயை விழுங்கக்கூட இல்லை. "திருப்பு!"

இர்மா திருப்பி நிறுத்தினாள். "நல்லாப் பாரு. காது ரெண்டும் ஒரே மட்டமாவா இருக்கு?"

அவன் குனிந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தான். "கோணலாத்தான் இருக்கு. அதுக்கென்ன? வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போற அவசரத்துல எவனோ வெச்சிருப்பான். கோணல் இருந்தா ஃபாக்டரி வேல இல்லேன்னு ஆயிடுமா? என் மூக்கும்தான் கோணல்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை இர்மா காத்திருந்தாள். "யார்கிட்டயாவது அரம் இருக்கா?"



செலியா டிக்கியை விட்டு ஓடி வந்தாள். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? குரோம்க்கா! போன மாசம்தான் வந்துச்சு!"

"அடியில பித்தளை இருக்குடி."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி கோழிக்கூட்டுக்கே திருப்பிக் கொடுத்துடலாம்" என்றான் டுவேன். ஆனால் அவன் குரலில் இப்போது கிண்டல் குறைந்திருந்தது. லாரியிலிருந்து அரத்தை எடுத்து வந்தவனும் அவன்தான். கையில் கொடுக்குமுன் கொஞ்சம் தயங்கினான். "இர்மா, நல்ல பூச்சு. வேணாம். எண்பத்தஞ்சும் ஒண்ணும் கேவலமில்ல."

"குடுடா."

இடதுகாதின் வேரில் அரத்தை வைத்தாள். குரோம் கெட்டி, முதலில் வழுக்கியது. அழுத்தினாள். கிறீச்சென்ற சத்தத்தில் பின்னால் நின்ற யாரோ பல்லைக் கடித்தார்கள். மினுமினுப்பு போய் மங்கலான வெள்ளை வந்தது.

"இரும்பு!" என்றது ஒரு குரல்.

"நிக்கல்" என்றான் டுவேன், தலையை நிமிர்த்தாமல். "குரோமுக்கு அடியில இருக்கும். இன்னும் தேய்."

தேய்த்தாள். செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு குனிந்தது.

"செவப்பா இருக்கே, மஞ்சளக் காணோமே" என்று செலியா அழுகிற குரலில் சொன்னாள்.

"அதுவும் பூச்சுதான். மொதல்ல செம்பு பூசுவாங்க." இப்போது டுவேன் சைக்கிளை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். "தேய், தேய்!"

இர்மாவின் நெற்றி வியர்வை ஹேண்டில்பாரில் சொட்டியது. செம்புக்கும் அடியில் இரும்பு வந்துவிட்டால் முடிந்தது கதை, வருடமும் போச்சு, குரோமும் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று இழுப்பு இழுத்தாள்.

மஞ்சள்.

மெல்லிய கீற்றுதான். இன்னொரு இழுப்பில் அகன்றது. வெயிலில் பளிச்சென்று, காதின் வேரைச் சுற்றி வழிந்து ஓடும் பித்தளை. யாரோ ஒருவன் புதுச் சைக்கிள் வாங்க வழியில்லாமல், ஹேண்டில்பாரைச் சுழற்றியே தீருவதென்று, தன் வீட்டிலேயே நெருப்பைப் பிடித்து இந்தக் காதுகளை ஒட்டியிருக்கிறான்.

எல்லாரும் டுவேனைப் பார்த்தார்கள். அவன் விரலால் மஞ்சளைத் தடவினான். பின்தகட்டின் உருண்டை முனையை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"எண்பத்து நாலு!"

ஸ்பேனர்கள் முழங்கின. இந்தத் தடவை யாரும் நடக்கவில்லை. செலியா அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை, இருவரும் சேர்ந்து தள்ளாடினார்கள். பிறகு இர்மா சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினாள்.

எண்பத்து நான்கில் ஏற்கெனவே நின்ற இருவர் விலகி நடுவில் இடம் விட்டார்கள். "முன்னால போ, உன் நாளு" என்றார் ஒருவர்.

விசில் ஒலித்தது. இர்மா பெடலை மிதித்தாள். தெரு முழுவதும் முன்னால் காலியாகக் கிடந்தது. அவளுக்கு முன் ஒரு சக்கரம்கூட இல்லை. பின்னால் நாற்பது, ஐம்பது செயின்கள் ஒன்றாகச் சிணுங்கின. அதற்கும் நடுவே, சைக்கிளைத் தோளில் சுமந்து ஓடிவரும் டுவேனின் பூட்ஸ் சத்தம்.

"மெதுவாப் போடி! உயிர் போகுது!"

"மெதுவாப் போறதுக்கா இவ்ளோ நேரம் தேய்ச்சேன்?" என்று திரும்பாமலே கத்திவிட்டு, இர்மா பெடல் மேல் எழுந்து நின்றாள்.