பிரசுரத்தின் அடியில் என் அச்சகத்தின் பெயர்

நான் பயந்த சுபாவம். அதை மறைத்துப் பிரயோசனமில்லை. கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தைத் தனியாக நடத்துகிறவள் என்றதும் ஆட்கள் என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடுகிறார்கள். வெள்ளவத்தை வீட்டிலிருந்து காலையில் பஸ் ஏறும்போதே, இன்றைக்கு யார் வந்து என்ன கேட்கப்போகிறார்களோ என்று பயப்படத் தொடங்குகிற பிறவி நான்.

மாநகர சபைத் தேர்தலில் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். அவருடைய வாக்குறுதி ஒன்றே ஒன்று: லொறியில் கொண்டுவரும் மாடு, ஆடுகளுக்குத் தண்ணீர், நிழல், வைத்தியப் பரிசோதனை எல்லாம் கட்டாயம் என்று சபை ஒரு விதி கொண்டுவர வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. லொறியில் நாக்குத் தள்ளி நிற்கும் மாடுகளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தானே நானும்.

துண்டுப்பிரசுரம் அடிக்க டொக்டர் வரவில்லை. வேறொருவர் வந்தார். குளிரூட்டிய கோழி இறைச்சி விற்கும் பெரிய வியாபாரி. முழுக் காசையும் முன்கூட்டியே மேசையில் வைத்தார்.

"அக்கா, டொக்டர் நல்ல மனுசன். உதவி செய்யிறன், அவ்வளவுதான். என்ட பேர் எங்கயும் வரக்கூடாது. டொக்டருக்கும் தெரியத் தேவையில்ல. விளங்கினதா?"

விளங்கியது. அவர் எழுதிக் கொண்டுவந்ததில், விதி வரும்வரை மாட்டிறைச்சிக் கடைகளை மூட வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. கடைகளை மூடினால் யாருடைய கோழி விற்கும் என்பதும் எனக்கு விளங்கியது. ஆனாலும் ஓம் என்று தலையாட்டினேன்.

தேர்தல் பிரசுரம் என்றால் அடியில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். அன்று காலையில்தான் ஒரு நினைவு மலர் செய்து முடித்திருந்தேன். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் அந்தச் சின்னப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், 'அச்சும் வெளியீடும்' என்று என் அச்சகத்தின் பெயரைப் போடுவது என் வழக்கம். எந்தக் குடும்பமும் ஆட்சேபித்ததில்லை. அவசரத்தில் அதே அடிவரியை அப்படியே எடுத்துப் பிரசுரத்தில் ஒட்டிவிட்டேன். விசரி. கட்டுக்கட்டாக வெளியே போன பிறகுதான், வெளியிட்டவளும் நானே என்று போயிருப்பதைக் கண்டேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் டொக்டரின் கூட்டம். நானும் போய்ப் பின்னால் இருந்தேன். அச்சகம் இருக்கும் ஒழுங்கையில் மாட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் எல்லோரும் 'நானா' என்று கூப்பிடுகிறவர், எழும்பினார். அவருடைய மகளின் கலியாணக் கார்ட்டை அடித்தவள் நான். பிரசுரத்தை உயர்த்திப் பிடித்து, "இதுக்குச் சல்லி யாருட?" என்று கேட்டார்.

டொக்டர் குழம்பிப்போனார். "கடையளை மூடச் சொல்லி நான் எழுதேல்லை. ஆர் காசு குடுத்ததெண்டும் தெரியாது. தெரிஞ்சால் செலவுக் கணக்கில காட்டத்தானே வேணும்."

யாரோ அடிவரியை உரக்க வாசித்தார்கள். முழு மண்டபமும் என் பக்கம் திரும்பியது. எழும்பி இரண்டு வசனம் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் இருக்கும்போது கோழிக்காரர் கோல் எடுத்தார். "அக்கா ஒண்டும் சொல்லேல்லத்தானே? நல்லது. தனியாப் போய் வாற ஆள் நீங்க. கவனமா இருங்க."

அன்பாகத்தான் சொன்னார். பம்பலப்பிட்டியில் பாதிச் சனம் இறங்க, மிச்சமிருந்த ஒவ்வொரு முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து நானா அச்சகத்துக்கு வந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உண்மையச் செல்லுங்க. எங்கட கடைய மூட நீங்களா சல்லி போட்டீங்க? எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கிறாங்க. நான் நம்பல்ல."

இல்லை என்று சொன்னால், அப்போ யார் என்று கேட்பார். அந்தப் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. பஸ்ஸில் கேட்ட அந்த மெல்லிய குரலும் கூடவே வந்தது.

"ஓம் நானா," என்றேன். "நான்தான்."



"மாட்டுக்குத் தண்ணி வெக்கோணும் எண்டு ஒரு வார்த்த செல்லியிருந்தா நானும் சல்லி தந்திருப்பேனே," என்றார். "தவிச்சு வார மாட்ட அறுக்க எனக்கு மட்டும் மனசு வருமா? மூடச் செல்லி ஏன் போட்டீங்க?"

அவர் எழும்பிப் போனார். டொக்டர் தோற்றார். கடைகள் திறந்துதான் இருக்கின்றன. நானா இப்போது ஒழுங்கையில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடக்கிறார். கோழிக்காரரின் பெயரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இதிலும் எழுதவில்லை. எழுதப் பயமாக இருக்கிறது.