இரண்டு வேதாகமங்களை வைத்து அவர் படித்த ஆங்கிலம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தாராவியில் எங்கள் அறையில், தகரப் பெட்டியின் மேல் இரண்டு வேதாகமங்கள் பக்கம் பக்கமாக விரிந்து கிடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்று தமிழ். மற்றது மாட்டுங்காவில் பழைய புத்தகக்காரரிடம் என் வீட்டுக்காரர் வாங்கி வந்த ஆங்கிலம், துரைமார் காலத்தது. தோல் பட்டறையிலிருந்து வந்து, நாற்றம் போகக் கை கழுவிவிட்டு உட்காருவார். தமிழில் ஒரு வசனம், ஆங்கிலத்தில் அதே வசனம். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று விரல் வைத்துப் பொருத்திக்கொள்வார். எங்கள் ஆட்களில் சிலர் அப்படித்தான் ஆங்கிலம் படித்தார்கள். டியூஷனுக்குப் போகலாமே என்றால், "ஏளா, வேதத்துல தப்பு இருக்குமா?" என்பார். பக்கத்து அறைக்காரர், "என்னவே, துரை ஆயாச்சா? இனி எங்ககிட்ட எல்லாம் பேசுவீரா?" என்று சீண்டுவார். இவர் சிரித்துக்கொள்வார்.

செம்பூரில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு நேரில் வரச் சொன்னார்கள். பட்டறையை விட்டு வெளியேற அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். 'என்னை இங்கே வேலை செய்ய விடுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். 'விடுங்கள்' என்பதற்கு வேதாகமத்தில் இருந்த 'சஃபர்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறார். இப்போது அதற்குத் துன்பப்படுவது என்றுதான் அர்த்தமாம். எதிரே இருந்த அதிகாரியும் தமிழர்தான். "கஷ்டப்படவா இங்க வந்தீங்க? அதுக்குத் தாராவியே போதுமே" என்றாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம்.

அன்று வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அந்தப் பொஸ்தகம் எப்பவோ செத்துப் போச்சு, ஏளா. நான் பொணத்துகிட்ட பேச்சு படிச்சிருக்கேன்" என்றார்.

ஆங்கிலத்தைக் கட்டிப் பரணில் போட்டார். கொஞ்ச நாளில் தமிழையும் திறப்பதை விட்டார். கோயிலுக்கு வருவார், வசனம் வாசிக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை கிடைக்காமல் போனது போகட்டும், ஆண்டவரோடு இருந்த பேச்சும் நின்றுபோனதே. உடம்பு ஓயும்வரை பட்டறையிலேயே உழைத்தார்.

போன வருஷம் அவரை அடக்கம் செய்தோம். சிலுவையில் எழுத அவருக்குப் பிடித்த வசனம் ஒன்று சொல்லுங்கம்மா என்று போதகர் கேட்டார். "பேரு மட்டும் போடுங்கய்யா" என்றேன்.

அந்த 'சஃபர்' என்ற சொல்லை நான் சரியாக எழுதியிருக்கிறேனா, தெரியாது. ஒரு காலத்தில் அதற்கு 'விடுங்கள்' என்று அவர் சொன்ன அர்த்தம் இருந்தது உண்மைதானா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். உண்மை என்றாலும் இனி அவரிடம் போய்ச் சொல்ல வழியில்லை.