கோட்டின் உட்புறத்து முத்திரை

நனைந்த கம்பளியின் வாடை எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டு நடைவழி முழுக்க நின்ற ஒரு மாலையை என்னால் மறக்க முடியவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெற்றோல் நிலையத்தில் ‘ஷிப்ட்’ வேலை செய்த அப்பா, சந்தையில் வாங்கிய நீண்ட சாம்பல்பச்சைக் கோட்டோடு மழையில் நனைந்து வந்திருந்தார். அது பழைய ஜெர்மன் இராணுவக் கோட்டு என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதற்குச் சில வருடங்களுக்கு முன் அம்மாவின் அண்ணனை யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவேயில்லை.

“எந்த நாட்டு ஆமியெண்டாலும் ஆமிதான். இது என்ர வீட்டுக்குள்ள இருக்கப்படாது” என்று சொல்லி, மறுநாள் அம்மா அதை உட்புறம் வெளியே தெரியும்படி பின்வளவில் துணி காயப்போடும் கொடியில் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு ரூத் அன்ரி வேலிக்கு மேலால் அதைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டபின் என்னைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், சிறுமியாக பெர்லினிலிருந்து இந்த நாட்டுக்குத் தனியே ரயிலேற்றி அனுப்பப்பட்ட யூதப் பெண். பெற்றோர் பின்னால் வருவதாகச் சொன்னார்களாம், வரவில்லை. கோட்டின் உள்துணியில் கறுப்பு மையில் ‘B 42’ என்ற முத்திரையும் கீழே சில இலக்கங்களும் இருந்தன. சலவைக்காரர் போட்ட குறி என்று அப்பா நினைத்திருந்தார். ரூத் அன்ரியோ, B என்றால் பெர்லின், 42 என்றால் 1942ஆம் வருடம் என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். அந்த வருடம் அவருடைய தாயை ஒரு பட்டறையில் அடைத்து இராணுவ உடுப்புத் தைக்க வைத்திருந்தார்கள், பிறகு வதைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

“இதை என் அம்மா தைத்திருக்கலாம்” என்றார்.

வீட்டுக்குள் விடமாட்டேன் என்ற அம்மாவே கோட்டை எடுத்து வந்து குசினியில் அடுப்புக்கு அருகிலிருந்த மேசையில் விரித்தார். ரூத் அன்ரி கைமடிப்பின் தையலை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். போகும்போது, அதைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். அப்பா உடனே கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, சந்தையில் அந்தக் கோட்டை விற்றவரிடம் அப்பா சும்மா விசாரித்திருக்கிறார். அந்த எழுத்து கோட்டைப் பெற்று வழங்கிய இராணுவக் கிடங்கைத்தான் குறிக்கும், இலக்கங்கள் உடம்பின் அளவுகள், தைத்தது எந்த ஊரிலும் இருக்கலாம் என்று அவர் சொன்னாராம். அப்பா தொப்பியைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றார்.

“சொல்லத்தானே வேணும்? பாவம், அந்த மனிசி ஆரோ தைச்ச கோட்டை வைச்சுக்கொண்டு இருக்குது.”

“சொல்லாதேங்கோ” என்றார் அம்மா. “அண்ணையை முகாமில கண்டனாங்கள் எண்டு ஆக்கள் வந்து சொல்லேக்க, பொய்யெண்டு எனக்குத் தெரியாதே? தெரிஞ்சும் தேத்தண்ணி குடுத்து, இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான்.”

அப்பா சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு, கழுத்துப்பட்டியிலும் அதே கைத்தையல் தெரிகிறது என்று ரூத் அன்ரி வேலிக்கு மேலால் மகிழ்ச்சியோடு கூப்பிட்டுச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு விறுவிறென்று உள்ளே போய்விடுவார். எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசாமல் போனது அப்படித்தான். அப்பாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று ரூத் அன்ரி ஒருநாள் என்னிடம் கேட்டபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ரூத் அன்ரி இறந்துபோனார். தூரத்து உறவினர் யாரோ வந்து வீட்டைக் காலி செய்தார்கள். கோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த வீடு இப்போது இரண்டு ‘பிளாட்’களாகிவிட்டது, வேலியிருந்த இடத்தில் ஆளுயர மதில் நிற்கிறது. இணையத்தில் இத்தகைய முத்திரைகளின் படங்களைப் போட்டு விளக்கம் கேட்கிறார்கள். இன்ன கிடங்கு, இன்ன வருடம், இன்ன நெஞ்சளவு என்று சில நிமிடங்களில் பதில் வந்துவிடுகிறது. தைத்தவர் யாரென்று மட்டும் அங்கே எவரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். அவரும் இப்போது இல்லை.