இடது பக்கத்துச் சிம்பல்

நான் வாசிப்பது பங்க் ராக். அதில் டிரம்ஸ் என்றால் வேகம், சத்தம், அதற்கும் மேல் வேகம். பிழைப்புக்கு ஓசூரில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் தர ஆய்வு. வார விடுமுறையில் பாகலூரில் தோழியின் ரோஜாத் தோட்டத்துத் தகர ஷெட். அவள் கிடாரும் பாட்டும். பெங்களூரில் எங்களை மேடைக்குக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

வாசிக்கும் முன் வரிசையாகச் சரிபார்ப்பேன்: ஸ்நேர் டிரம் திருகு, கிக் டிரம் மிதி, சிம்பல் தட்டின் நட்டு, மாற்றுக் குச்சிகள். காதை அடைக்கும் இயர் பிளக் அந்த வரிசையில் வந்ததே இல்லை. பிரஸ் ஷாப்பில் அது இல்லாமல் நான் உள்ளே கால் வைத்ததுமில்லை.

கம்பெனியில் ஆண்டுதோறும் காது சோதனை உண்டு. கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இம்முறை முடிந்ததும் டெக்னீஷியன் சொன்னார்: "சூப்பர்மா. ரெண்டு காதும் கிளீன்."

இடது காதில் கடைசிச் சத்தங்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்தது. பீப்பை ஒரே இடைவெளியில் விட்டிருக்கிறார். நாலைந்து பீப்பில் அந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டது. பிறகு காதுக்கு வேலையே இல்லை.

"அண்ணா, இன்னொரு தடவ வைங்க. இடைவெளிய மாத்தி மாத்தி விடுங்க."

"பாஸானவங்க யாராச்சும் திரும்பப் பரீட்ச எழுதுவாங்களா? வெளிய லைன் நிக்குது பாரு."

"நான் டிரம்ஸ் வாசிக்கறவ அண்ணா. கேக்காமயே அழுத்திட்டேன்."

ஹெட்போனை மறுபடி நீட்டினார். "உக்காரு."

அறை நெடுநேரம் அமைதியாக இருந்தது. இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் விரல் அசைந்துகொண்டிருந்தது.

இடது காதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் கேட்பது குறைந்திருந்தது. சிம்பல் இருக்கும் பக்கம். "போனது வராதும்மா. இருக்கறத காப்பாத்திக்க."

அந்த வாரம் ஷெட்டில் பிளக் போட்டேன். தோழி சிரித்தாள். "என்னடி, பிரஸ்ஸு ஓட்ட வந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஒரு பாட்டு வாசித்தோம், பாதியில் நிறுத்தினாள்.

"செத்த மாதிரி அடிக்கிறடி. இந்த ஒரு பாட்டுக்குக் கழட்டேன்."

"மாட்டேன்."

"அப்ப மேடையில?"

"அங்கயும்தான்."

அவள் கிடார் ஆம்ப்பின் சத்தத்தைக் குறைக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினேன். அவள் சரியான இடத்தில் நுழைந்தாளா என்பதை அவள் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.