அபூசாலியின் மூன்று பை இடுப்புவார்

எண்பத்து நாலாம் ஆண்டு எங்கள் சோனகத் தெருவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரே ஆள் தையற்காரர் அபூசாலி. பதினேழு வருஷம் மெஷின் மிதித்துச் சேர்த்த காசு. விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டியது போக, கைச்செலவுக்கு ஆயிரத்து இருநூறு ரியால் மிஞ்சியது. மனுஷன் அதற்கென்றே ஒரு இடுப்புவார் தைத்து மூன்று பை வைத்தார். குர்பான் ஆட்டுக்கு நானூறு, சாப்பாட்டுக்கு ஐந்நூறு, ஊருக்கு வாங்கிவரும் சாமான்களுக்கு முந்நூறு. ஒரு பைக் காசு மறு பைக்குப் போகக் கூடாது என்பது அவர் மனைவி ரகுமத்தும்மா போட்ட சட்டம். காசு ஒருவருக்குத்தான் போதுமானதாக இருந்தது என்பதால் ரகுமத்தும்மா போகவில்லை. ஆனாலும் அந்த வீட்டு நிதி மந்திரி அவர்தான்.

சட்டத்தைக் கவிழ்த்தது மாப்புக் கேட்கும் வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் தெரிந்தவர் வீடெல்லாம் படியேறி, "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தையற்காரருக்கு இது லேசான வேலையா? ஊரார் துணியில் அவர் அமுக்கிய வெட்டுத்துண்டுகளை ஒட்டினால் யாழ்ப்பாணக் கோட்டைக்கே உறை தைக்கலாம். பெருநாளுக்குத் தருகிறேன் என்று சொல்லி, பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் கொடுத்த சட்டைகள் வேறு.

எல்லோரும் தாராளமாகப் பொறுத்தார்கள். பொறுத்த கையோடு ஆளுக்கொரு சாமானும் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டு நிற்கிறவன் மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? உடுவிலில் இருந்த பழைய வாடிக்கைக்காரர் கனகசபாபதி வாத்தியாரும் விடவில்லை.

"அபூசாலி, என்ரை காற்சட்டையளைக் கட்டையாக்கினதை நான் எப்பவோ மன்னிச்சிட்டன். அங்கை மடிக்கிற குடை நல்ல மலிவாம். ஒண்டு மறவாமல் கொண்டு வாரும்."

"ஓம் சேர்" என்றார் அபூசாலி. குடைக்கு முப்பது ரியால்.

பத்தாம் வீட்டோடு சாமான் பைக் கணக்கு முடிந்தது. அதன் பிறகு கேட்டதெல்லாம் சாப்பாட்டுப் பையைக் கடித்தது. முப்பத்தெட்டாம் வீடு முடிய அதில் இருநூறுதான் கிடந்தது. ரகுமத்தும்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இனி ஒரு படியும் ஏறாதேங்கோ. மிச்சப் பாவத்தோடை போங்கோ, செலவாவது குறையும்!"

"ஒரு வீடு கிடக்குது, ரகுமத்து."

அது மீராசாகிபு நானாவின் வீடு. அபூசாலியின் கூடப்பிறந்த மூத்தவர், நாலு வீடு தள்ளி இருந்தார். பதினொரு வருஷத்துக்கு முன் அவர் மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கோட்டுத் தைத்தது அபூசாலி. நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார, முதுகுத் தையல் டர்ரென்று கழுத்துவரை போய்விட்டது. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "மாப்பிள்ளை திண்டு கொழுத்ததுக்கு நான் என்ன செய்ய?" என்று சபையிலே கேட்டார். அன்றைக்கு அறுந்தது அண்ணன் தம்பிப் பேச்சு. அந்த ஒரு மாப்புக் கிடைக்காவிட்டால் மற்ற முப்பத்தெட்டும் சும்மா என்று அவருக்குத் தெரியும். முதல் வீடாகப் போயிருக்க வேண்டியது, பயத்தில் கடைசி வீடாகிவிட்டது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போனார். நானா சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுத்துக்கொள்ளுங்கோ நானா."

"பொறுத்திட்டன். போட்டு வா." பேப்பரிலிருந்து கண் அசையவில்லை.

அவ்வளவுதான். ஒரு சாமானும் கேட்கவில்லை. கண்டவன் நின்றவனெல்லாம் உரிமையோடு கேட்டான். சொந்த நானா ஒன்றும் கேட்காவிட்டால் அது என்ன மாப்பு?

"ஒரு தஸ்பீஹ் மணி?"

"கிடக்குது."

"பேரீச்சம்பழம்?"

"எனக்குச் சீனி வருத்தம்."

"அத்தர்?"

"தும்மல் வரும்."

முப்பத்தெட்டு வீட்டிலும் விலையைக் குறைக்கப் பார்த்த மனுஷன், இங்கே தானாகவே ஏற்றிக்கொண்டு போனார். கைமணிக்கூடு என்றார், ரேடியோ என்றார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது.

"நானா, எதையாவது கேளுங்கோ. நீங்கள் கேளாட்டில் நான் என்ன முகத்தோடை அங்கை போறது?"

பேப்பர் மெல்ல இறங்கியது. நானா தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கத்தைப் போர்வை நல்ல மொத்தமாம்."

"ஓம் நானா!"

"உன்ரை மச்சிக்கும் சேர்த்து ரெண்டு."

எங்கள் ஊர் வெக்கையில் அந்தப் போர்வையைப் போர்த்தால் ஆள் அவிந்துவிடும். அபூசாலி அதையெல்லாம் யோசிக்கவில்லை. சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினார். ஐம்பத்தெட்டு வயசு ஆள் ஓடுவதைக் கண்டு நாங்கள் பயந்துபோனோம். "நானா கேட்டிட்டார்! ரெண்டு போர்வை!" என்று தன் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

ரகுமத்தும்மா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு கணக்குப் பார்த்தார். போர்வைகளுக்கு நூற்றைம்பது. முப்பது நாள் சாப்பாட்டுக்கு மிச்சம் ஐம்பது ரியால்.

"என்னத்தைத் திண்டு சீவிக்கப் போறியள்?"

"எனக்குப் பசிக்கேல்லை" என்றார் அபூசாலி. அன்றைக்கு அது உண்மையும்தான்.

மறுநாள் காலை கொழும்பு ரயிலுக்கு வழியனுப்பத் தெருவே ஸ்டேஷனில் நின்றது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மீராசாகிபு நானா வந்தார். கையில் பெரிய பிஸ்கட் தகரம். உள்ளே வறுத்த உப்புக்கண்டமும் மாசிச் சம்பலும் அமுக்கி அடைத்திருந்தன.

"ஏன் நானா இதெல்லாம்?"

"உன்ரை மனுசியிட்டை விசாரிச்சனான். நீ பட்டினி கிடந்து வாங்கிற போர்வையை நான் எப்பிடியடா போர்த்துக்கொண்டு படுக்கிறது?"

பதினொரு வருஷத்துக்குப் பிறகு நானாவின் வாயால் ஒரு ‘அடா’. அபூசாலி நடு ஸ்டேஷனில் தகரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். ரயில் புறப்படும் நேரமாகிவிட்டது. நாங்கள் நாலு பேர் அவரைத் தகரத்தோடு சேர்த்துத் தூக்கிப் பெட்டிக்குள் ஏற்றினோம்.